பெரியப்பாவின் மாத்திரைப் பெட்டி, மூன்றாம் தடவை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் பதிவில் 46 வேளை மாத்திரை போட்டதாக இருந்தது. பத்து நாளுக்கு, நாளுக்கு நாலு வேளை வீதம், 40தான் வர வேண்டும். மிச்சம் கிடந்த மாத்திரைகளை எண்ணினால், வயிற்றுக்குள் போனது 31. மூன்று எண்ணும் மூன்று திக்கில் நின்றன.

வேளை வந்தால் கத்தி நினைவூட்டி, மாத்திரை போட்டதைப் பதிவு செய்யும் அந்தப் பெட்டியைச் செய்தவன் நான். மூன்று வார சனி ஞாயிறு அதற்கே போனது. பெங்களூரு பீன்யாவில் ஒரு கம்பெனியில் அளவுக்கருவிகளுக்கு ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே ஓடும் புரோகிராம், எழுதுவதுதான் என் பிழைப்பு. அதனால் ஒரு மாத்திரைப் பெட்டியெல்லாம் என்ன பெரிய விஷயம் என்ற நினைப்பு.

பெரியப்பாவுக்கு 76 வயது. பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் பெரியம்மாவும் அவரும் மட்டும். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். எச்எம்டி வாட்ச் தொழிற்சாலையில் முப்பது வருடம் அசெம்பிளியில் இருந்தவர். 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து இங்கே ஆரம்பித்த தொழிற்சாலை அது. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, மூச்சு விட்டால் பறந்துபோகும் உதிரிகளை ட்வீசரில் எடுத்து வைத்த கை அது. ஆறு வருடமாகப் பார்க்கின்சன், கை நடுங்கி உடம்பு இறுகும் நோய்.

லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை, காலை 6, 11, மாலை 4, இரவு 9. (நம் ஊர் பூனைக்காலி விதையில் இருப்பதும் இந்த லெவோடோபாதான்.) இதில் நேரம் தவறக்கூடாது. ஒரு வேளை விட்டால் உடம்பு பலகை மாதிரி இறுகிவிடும். இரண்டு தடவை போட்டால் கைகால் தானாக நெளிய ஆரம்பிக்கும். போன ஆடியில் ஒருநாள் அப்படி நெளிந்துகொண்டு கட்டிலில் கிடந்தார். பெரியம்மா பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள். டாக்டரிடம் கேட்டு, அடுத்த வேளையைத் தள்ளிப்போட்டுச் சமாளித்தோம். அன்று ராத்திரியே பெட்டி செய்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

முதல் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடையில் கிடைக்கும் 28 அறை பிளாஸ்டிக் டப்பா, ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு, ஒரு அங்குலத்துக்கும் குறைவான ஓலெட் திரை, நாலு நீல எல்இடி, ஒரு பஸ்ஸர், ஒரு சின்னப் பொத்தான். வேளை வந்தால் பஸ்ஸர் கத்தும், நீல விளக்கு மின்னும். மாத்திரை போட்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் என் போனில் டெலிகிராமில் செய்தி வரும். ஆபீசில் காட்டினேன், எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டில் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், பிளக் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். பெரியப்பா "நல்லாருக்குடா" என்றார். அவர் எதையும் அப்படித்தான் சொல்வார்.

பத்து நாள் போனில் செய்தி தவறாமல் வந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன். பதினோராம் நாள் மாத்திரை வாங்கிக் கொடுக்கப் போனபோதுதான், பழைய மாத்திரை இன்னும் தீரவில்லையே என்று எண்ணிப் பார்த்தேன்.

46 எப்படி வந்தது என்பது சுலபமாகக் கிடைத்தது. பொத்தானை அமுக்கும்போது அதன் உள்ளே இருக்கும் உலோகத் தகடு சில மில்லிசெகண்டு துள்ளும். அதனால் ஒரே அமுக்கல் நாலைந்தாகப் பதிவாகும். இதைத் தவிர்க்க டீபவுன்ஸ் என்று ஒன்று எழுதுவோம், ஒரு அமுக்கலுக்குப் பிறகு கொஞ்ச நேரம் அடுத்ததை ஏற்காமல் இருப்பது. நான் 50 மில்லிசெகண்டு வைத்திருந்தேன், பாடப்புத்தகக் கணக்கு. பார்க்கின்சன் நடுக்கம் செகண்டுக்கு நாலிலிருந்து ஆறு தடவை. அதுவும் கை வேலையாக இருக்கும்போது அடங்கி, சும்மா இருக்கும்போது கிளம்புகிற ரகம். பெரியப்பா பொத்தானை அமுக்கிவிட்டு, ஆச்சா இல்லையா என்று விரலை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கேதான் நடுக்கம் ஆரம்பிக்கும். 200 மில்லிசெகண்டுக்கு ஒரு அமுக்கல். என் புரோகிராம் அதை அடுத்த வேளைக்கான மாத்திரை என்று எழுதிக்கொண்டது. பொத்தானின் துள்ளலுக்கு நான் மருந்து வைத்திருந்தேன், அவர் விரலின் துள்ளல் என் கணக்கிலேயே இல்லை.

31 ஏன் என்பதற்குப் பெரியம்மா பதில் சொன்னாள். "அது கீச்சு கீச்சுன்னு கத்துதுப்பா, தலை வலிக்குது. அதான் நானே போயி அமுக்கிடறேன்." பெரியப்பாவுக்கு அது கேட்கவே இல்லை. பஸ்ஸர்கள் பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் கத்தும். வயதானால் முதலில் போவது உயர்ந்த சுருதிகள்தான். அதோடு வாட்ச் வேலைக்குப் போகுமுன் ஒரு பிரஸ் பட்டறையில் எட்டு வருடம் நின்றவர் அவர். இரைச்சலில் கெட்ட காது 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் குழி விழும். அவர் காதில் ஓட்டை எங்கே இருக்கிறதோ, தேடிப் பிடித்து அதே இடத்தில் கத்துகிற பஸ்ஸரை வாங்கி வந்திருக்கிறேன்.

நீல விளக்கும் இதே கதை. வயதாக ஆக கண்ணின் லென்ஸ் மஞ்சள் பூத்து நீலத்தைத் தின்றுவிடும். பெரியப்பாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடதில் இன்னும் இல்லை. ஒவ்வொரு கண்ணாக மூடி மூடிப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணுல ஊதா, அந்தக் கண்ணுல சாம்பல். எது நெசம்?" என்று என்னைக் கேட்டார்.

அப்புறம் நான் செய்தது ஒரு கூத்து. எங்கள் துறையில் பாட்ரீஷியா மூர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். 1979ல், இருபத்தாறு வயதில், கிழவி வேஷம் போட்டுக்கொண்டு கிளம்பியவர். மங்கலான கண்ணாடி, காதில் அடைப்பு, மடங்காத முட்டி. மூன்று வருடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் அப்படியே நடமாடினார். நானும் என் மூக்குக்கண்ணாடியில் வாசலின் தடவி, காதில் பஞ்சு அடைத்து, இரண்டு ஜோடி வேலைக் கையுறை மாட்டி, சமையலறையில் அரை மணி நேரம் மாத்திரைப் பட்டையோடு மல்லுக்கட்டினேன். பயன் இல்லாமல் போகவில்லை. டப்பா மூடியை நகத்தால் தூக்கவே முடியாது என்பதும், ஓலெட் திரையின் எழுத்து எறும்பு வரிசை என்பதும் தெரிந்தது. ஆனால் அரை மணி முடிந்ததும் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு காபி போட்டுக்கொண்டேன். அவருக்குக் கழற்றி வீச ஒன்றும் இல்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நான் காய்ச்சலுக்குப் பதில் வெந்நீரில் கை வைத்துப் பார்த்திருந்தேன்.

அந்த அரை மணியின் பலன் இரண்டாம் பெட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் பாதிக் கடைகள்தான் திறந்திருக்கும் என்பதால் ஒரு சனிக்கிழமை ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறி, மூன்றாவது ஸ்டேஷனான சிக்பேட்டில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் உதிரிகள் விற்கும் எஸ்பி ரோடு போனேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொத்தான் வாங்கினேன், வீடியோ கேம் கடைகளில் இருக்குமே, அந்த ரகம். ஒரு தடவை அமுக்கினால் இரண்டு செகண்டுக்கு வேறு அமுக்கலை ஏற்காதபடி மாற்றினேன். நீலத்தைத் தூக்கிவிட்டு ஆரஞ்சு மஞ்சள் விளக்கு. பஸ்ஸருக்குப் பதில் ஸ்பீக்கரும், டிஎஃப்பிளேயர் மினி என்ற எம்பி3 தகடும். (இதன் ஆர்எக்ஸ் காலுக்கு ஒரு 1 கே ரெசிஸ்டர் போடாவிட்டால் ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம் கேட்கும்.) என் மகளைப் பேசவைத்துப் பதிவு செய்தேன்: "தாத்தா, மாத்திரை போடுங்க!"

முதல் இரண்டு நாள் பெரியப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்றாம் நாள் மாலை 4 மணிக்கு வீட்டில் விருந்தாளிகள். பழைய கம்பெனி நண்பர்கள் இரண்டு பேர், ரொம்ப நாள் கழித்து வந்தவர்கள். கையைத் தொடை அடியில் வைத்து நடுக்கத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கர் தெரு வரைக்கும் கேட்க "தாத்தா, மாத்திரை போடுங்க!" என்று மூன்று தடவை கூவியது.

மறுநாள் போனால் பெட்டியின் பிளக் பிடுங்கிக் கிடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பெரியம்மாதான் வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள்.

அதற்குமேல் கருவி எதையும் தொடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நோட்டோடு போய் உட்கார்ந்தேன். சாக்கு, வீட்டில் தண்ணீர் வரவில்லை, குளித்துவிட்டு இங்கேயே இருக்கிறேன் என்பது. ராத்திரி ஒன்பதரை வரை இருந்தேன். கேள்வி கேட்கக்கூடாது, பார்ப்பது மட்டும் என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். கேட்டால் "நல்லாருக்குடா"தான் வரும்.

காலை 6 மணி. பெரியப்பா விழித்துவிட்டார், ஆனால் எழ முடியவில்லை. ராத்திரி போட்ட மாத்திரையின் வேகம் தீர்ந்த நேரம், ஒரு நாளிலேயே உடம்பு அதிகம் இறுகியிருப்பது அப்போதுதான். புரண்டு காலைக் கீழே போடவே நாலு நிமிடம் ஆனது. பெட்டி இருந்ததோ ஹாலில். மாத்திரை போட்டால்தான் எழ முடியும், எழுந்தால்தான் மாத்திரை. பிளக் எங்கே, வைஃபை எங்கே என்று பார்த்து இடம் வைத்த மகராசன் நான்தான்.

11 மணி. வாசல் படியில் வெயிலில் தமிழ்ப் பேப்பரோடு இருந்தார். பேப்பரை மடித்தார், உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை, எதுவும் ஒலிக்கவில்லை. சுவர்க்கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. பத்து ஐம்பத்தெட்டு. நோட்டில் இதை எழுதி அடிக்கோடு போட்டேன், ஆனால் அப்போது அர்த்தம் புரியவில்லை.

மதியம் பெரியம்மா மாத்திரை டப்பாவைத் திறந்தாள். பழைய பிஸ்கட் டின். உள்ளே அவருடைய பட்டைகள், மருந்துக்கடையில் கத்தரித்துக் கொடுத்த துண்டுகள், நடுவில் ஒரு சின்ன பாட்டில். எடுத்துப் பார்த்தேன். "அது என்னுது, அத்த விடு" என்றாள். நானும் விட்டுவிட்டேன். என் பழைய 28 அறை டப்பாவில் "மண்டே, ட்யூஸ்டே" என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்ததை அவளால் படிக்க முடியாதாம். இடமிருந்து வலமாக எண்ணி எண்ணிப் போட்டாளாம். மூடிகளைத் திறக்கக் கரண்டிக் காம்பு. இதையும் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். மாத்திரையை விழுங்குகிறவர் அவர் என்றால், வாரா வாரம் அந்தப் பெட்டியோடு மாரடித்தவள் அவள்.

இரவு 9 மணி. இதுதான் அன்றைக்கு நான் பார்த்ததிலேயே முக்கியமானது. பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து ஒரு காலிப் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, அலுமினியக் குழிகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கை நடுங்க, திரும்பத் திரும்ப. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். விதியை உடைத்துக் கேட்டுவிட்டேன். "இன்னா பெரியப்பா எண்றீங்க?"

"போட்டேனா இல்லையான்னு தெரியல. எட்டரைக்கே போட்ட மாதிரியும் இருக்குது, அது நேத்து மாதிரியும் இருக்குது. பட்டையில ஓட்டைய எண்ணித்தான் எப்பவும் கண்டுபிடிப்பேன். நீ டப்பா குடுத்ததுல இருந்து உங்க பெரியம்மா எல்லாத்தையும் மொத்தமா பிதுக்கிப் போட்டுடறா. எண்றதுக்கு ஒண்ணுமில்ல."

நான் வாயடைத்துப் போனேன். அவர் தொடர்ந்தார். "டேய், மணி எனக்குத் தெரியும்டா. முப்பது வருஷம் மணி செஞ்சு போட்டவன் நான். போட்டேனா, போடலையா? அத்தச் சொல்லச் சொல்லு உன் பொட்டிய."

மறதி என்றால் நேரத்தை மறப்பது என்று நானே முடிவு செய்திருந்தேன். அவர் நேரத்தை மறக்கவே இல்லை. தினமும் நாலு தடவை ஒரே காரியத்தைச் செய்தால் இன்றைய ஒன்பது மணியும் நேற்றைய ஒன்பது மணியும் ஒட்டிக்கொள்ளும், கதவைப் பூட்டினோமா என்று பாதித் தெருவில் நின்று யோசிப்போமே, அது. அந்தச் சந்தேகத்துக்கு அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. உதவி செய்கிறேன் என்று போய் நான் அதையும் பிடுங்கிக்கொண்டேன். நாற்பதில் குறைந்த ஒன்பது மாத்திரையில் எத்தனை, சந்தேகத்தில் போடாமல் விட்டவையோ தெரியவில்லை. ஆடி மாதம் இரண்டு தடவை போட்டதும் இந்தச் சந்தேகத்தின் மறுபக்கம்தான்.

கிளம்பும்போது பெரியம்மா சொன்னாள்: "முன்னெல்லாம் போட்டாச்சுன்னா தண்ணி குடிச்ச டம்ளரக் கவுத்து வெச்சிடுன்னு சொல்லுவேன். கவுந்திருந்தா போட்டாச்சு. அப்புறம் தண்ணி தவிச்சு யாராவது நிமித்திடுவாங்க, அதோட போச்சு."

அந்தக் கவிழ்த்த டம்ளர்தான் மூன்றாம் பெட்டி. யோசனை முழுக்க அவளுடையது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஆக்ஸோ என்று தடித்த ரப்பர் பிடி போட்ட காய்சீவி வகையறா 1990ல் அமெரிக்காவில் வந்தது. மூட்டுவலியால் மனைவி பெட்ஸி கஷ்டப்படுவதைப் பார்த்து சாம் ஃபார்பர் மனமிரங்கி உருவாக்கினார் என்று எங்கள் ஆபீஸ் பயிற்சி வகுப்பு ஒவ்வொன்றிலும் இந்தக் கதை வரும். கையில் வலிக்காதபடி செய்யலாம் என்ற யோசனையே தன்னுடையது, ஆனால் வரலாறு தன்னை மூட்டுவலிக்காரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கும் என்று அந்தப் பெட்ஸியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அது எந்த வகுப்பிலும் வருவதில்லை.

இனி வேலை. செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஒன்றரை அடி நீளப் பிளைவுட் பலகை, கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைக்கிற மாதிரி. அதில் ஆழமில்லாத நாலு வட்டக் குழிகள், குழிக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம். வாய் அகலமாக, நாலு சென்டிமீட்டர் உயரம். மாத்திரையை விரலால் பொறுக்க வேண்டியதில்லை, கிண்ணத்தோடு வாயில் கவிழ்த்துக்கொள்ளலாம். கவிழ்த்த கையோடு கிண்ணத்தையும் அப்படியே கவிழ்த்து வைத்துவிடலாம். சின்னப் பொத்தானைக் குறிபார்த்து அமுக்குவதுதான் அவருக்குக் கஷ்டம், கையைப் பெரிதாக வீசிச் செய்கிற காரியம் தடையில்லாமல் வருகிறது. மாத்திரை போட்டேன் என்று பெட்டிக்குச் சொல்லத் தனியாக ஒரு வேலை கிடையாது. விளக்கு, கரண்ட் எதுவும் இல்லாவிட்டாலும் கவிழ்ந்த கிண்ணம் கவிழ்ந்த கிண்ணம்தான்.

கிண்ணத்தின் அடியில், வெளிப்பக்கம், 8 மில்லிமீட்டர் நியோடிமியம் காந்த வில்லையை அரால்டைட் போட்டு ஒட்டி, மேலேயும் ஒரு பூச்சு. இல்லாவிட்டால் புளி போட்டுத் தேய்க்கும்போது காந்தத்தின் நிக்கல் பூச்சு போய்த் துருப்பிடிக்கும். குழிக்கு நேர் கீழே, பலகையின் அடிப்பக்கம் குடைந்து ஏ3144 என்ற ஹால் சென்சார், காந்தம் அருகில் இருப்பதை உணரும் சில்லு. கிண்ணம் நிமிர்ந்திருந்தால் காந்தம் சென்சாருக்கு அருகில். கவிழ்ந்தாலோ எடுத்தாலோ தூரம். எடுத்துவிட்டு நிமிர்த்தியே வைத்தால் போடவில்லை என்று கணக்கு. ஏ3144க்குக் குறைந்தது நாலரை வோல்ட் வேண்டும், அதனால் ஈஎஸ்பி32ஐ விட்டுவிட்டு ஐந்து வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ நானோ போர்டு. சென்சாரின் வெளிக்காலில் 10 கே புல்அப் ரெசிஸ்டர் மறக்கக்கூடாது. இன்னொன்று, இது காந்தத்தின் தென்துருவத்துக்கு மட்டும்தான் மசியும். நாலில் ஒரு காந்தத்தை நான் தலைகீழாக ஒட்டிவிட்டு, சென்சார் செத்துவிட்டது என்று நினைத்து இரண்டு சென்சாரைக் கழற்றி மாற்றினேன். ஒட்டுமுன் ஒவ்வொன்றையும் சோதித்துப் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்துக்கு டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு. வைஃபையை நம்ப முடியாது, பெரியம்மா ராத்திரி தூங்கப்போகும்போது மின்னுகிற எல்லாவற்றையும் அணைத்துவிடுவாள். கடையில் கிடைக்கும் நீலத் தகட்டில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு டயோடும் ஒரு 200 ஓம் ரெசிஸ்டரும் இருக்கும். சார்ஜ் ஆகாத சாதாரண சிஆர்2032 வில்லை பேட்டரி போட்டால் நாளடைவில் அது உப்பிக்கொள்ளும். அந்த ரெசிஸ்டரைச் சூடு காட்டி எடுத்துவிடுங்கள். இந்தச் சில்லு வருடத்துக்கு ஒரு நிமிடம்தான் முன்பின் போகும் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். அதைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பேசாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒலியைப் பேச்சிலிருந்து வெறும் தொனிக்கு மாற்றினேன். 520 ஹெர்ட்ஸ், சதுர அலை. இந்த எண் என் கண்டுபிடிப்பு இல்லை. வயதானவர்களையும் காது மந்தமானவர்களையும் எழுப்ப, கீச்சிடும் அலாரத்தைவிட இந்தத் தாழ்ந்த சுருதி நன்றாக வேலை செய்கிறது என்று தீ அலாரச் சோதனைகளில் தெரிந்து, அமெரிக்க விதிகளில் தூங்கும் அறைகளுக்கு இதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் பெட்டி வேளை தாண்டிப் பதினைந்து நிமிடமாகியும் கிண்ணம் கவிழாவிட்டால் மட்டும், தொண்டையைக் கனைப்பது மாதிரி ஒரே ஒரு தடவை "ப்பூம்" என்னும். வந்திருப்பவர்களுக்குத் தெருவில் ஏதோ வண்டி.

எந்தக் கிண்ணம் எப்போது கவிழ்ந்தது என்று காட்ட சிவப்பு எண்கள் கொண்ட டிஸ்பிளே வாங்கி வைத்திருந்தேன். பெரியப்பா ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். "முள்ளு வேணும்." அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு வாட்சை எடுத்து வரச் சொன்னார். பார்வையில்லாதவர்களுக்காக எச்எம்டியில் செய்த பிரெய்ல் வாட்ச். கண்ணாடி மூடி கதவு மாதிரித் திறக்கும், முள்ளையும் மேடான புள்ளிகளையும் விரலால் தடவி மணி பார்க்கலாம். "ராத்திரி முழிப்பு வந்தா லைட்டு போடணும். லைட்டு போட்டா அவ முழிச்சிக்குவா. தடவிப் பாக்குற மாதிரி செய்" என்றார்.

இது எனக்கு நூறு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது. பழைய சுவர்க்கடிகாரத்தின் மணி முள்ளை எடுத்தேன், நிமிட முள் வேண்டாம். தகட்டில் 12க்கு மூன்று, 3, 6, 9க்கு இரண்டிரண்டு என எம்-சீல் உருண்டைகள் ஒட்டினோம், மூடி கிடையாது. கடைசியாகக் கிண்ணம் கவிழ்ந்த நேரத்தில் முள் நிற்கும். ஓட்டுவது 28பிஒய்ஜே-48 என்ற, அடி அடியாக எண்ணி நகரும் ஸ்டெப்பர் மோட்டார். உள்ளே பல் சக்கரங்கள் இருப்பதால் விரல் பட்டால் முள் நகராது.

மூன்றாம் நாள் போன் வந்தது. "முள்ளு இருபது நிமிஷம் ஃபாஸ்ட்டுடா." மணி முள்ளில் இருபது நிமிடம் என்றால் பத்து டிகிரிதான். மற்றவர் கண்ணுக்குப் படாது. நான் ஒத்துக்கொள்ளவில்லை, போய்ப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. இந்த மோட்டாரை ஒரு சுற்றுக்கு 2048 அடி என்று எல்லாரும் எழுதுவார்கள், நானும் எழுதினேன். உள்ளே இருக்கும் பல் சக்கர விகிதம் 64 இல்லை, சுமார் 63.68. ஆகவே உண்மையில் 2038க்குக் கொஞ்சம் குறைவு. சுற்றுக்கு மூன்றரை நிமிடம் மிகை, நாளுக்கு இரண்டு சுற்று, மூன்று நாளில் இருபத்தொன்று. சரியான எண்ணைப் போட்டு, மிச்சப் பின்னத்தை அடுத்த நகர்வில் சேர்த்துக்கொள்ளும்படி மாற்றினேன். 12ஐத் தாண்டும்போது தன்னைச் சரிபார்த்துக்கொள்ள முள்ளின் பின்னால் ஒரு பொடிக் காந்தமும், தகட்டின் பின்னால் ஐந்தாவதாக ஒரு ஹால் சென்சாரும். அன்று ராத்திரி போன் செய்து, "கியர்ல ஆட்டம் இருக்குது, ஒரே பக்கமா வந்து நிக்க வை" என்று இன்னொரு திருத்தம் சொன்னார். அவர் குரலில் அப்படி ஒரு அதட்டல் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

இப்போது ஏழு வாரம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வேலைக்கு வரும் அம்மா ஒருநாள் நாலு கிண்ணத்தையும் கழுவி, நீர் வடிய பலகையிலேயே கவிழ்த்து வைத்துவிட்டார். பெட்டி நாலு வேளையும் போட்டாயிற்று என்று சமாதானமாக உட்கார்ந்திருந்தது. நாலும் ஒரு நிமிடத்துக்குள் கவிழ்ந்தால் அதை ஏற்காதே என்று எழுதினேன். நிரப்புவது ராத்திரி 9 மணி வேளை முடிந்ததும், மறுநாளைக்கு மட்டும். நாலும் நிமிர்ந்ததும் பெட்டி தானாகப் புது நாள் தொடங்கும். முதலில் பெரியம்மா மாத்திரையைப் பட்டையிலிருந்து பிதுக்காமல், கத்தரித்துக் குழியோடு கிண்ணத்தில் போட்டாள். அவர் வேளை வந்ததும் அதைப் பிதுக்கத் திணறுவதைப் பார்த்துவிட்டு, நாலு நாளில் பழையபடி பிதுக்கியே போட ஆரம்பித்தாள். காலிப் பட்டையை மட்டும் தூக்கிப் போடாமல் டின்னில் வைத்திருக்கிறாள், அவர் எண்ண வேண்டும் என்றால் எண்ணிக்கொள்ளட்டும் என்று. எப்போதாவது எண்ணுகிறார். டெலிகிராம் செய்தி இப்போது எனக்கு வருவதில்லை. வேண்டுமா என்று கேட்டேன், "எதுக்கு?" என்றார்.

போன ஞாயிறு மாத்திரைகளை எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரியாக இருந்தது. அப்போது பெரியம்மா பலகையைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு ஒரு குழி கிடையாதா?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள்.

பிஸ்கட் டின்னில் இருந்த அந்தச் சின்ன பாட்டில் தைராய்டு மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டியது. அவர் ஆறு மணிக்கு எழ முடியாமல் தவிக்கிற நேரமும் அதுதான். பாட்டிலில் நூறு மாத்திரை. வாங்கிய தேதியைப் பார்த்தேன், ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. என் ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் புரட்டினேன். பெரியம்மா அவருக்காகச் செய்தது ஒவ்வொன்றும் மணி போட்டு எழுதியிருக்கிறது. அவள் என்ன மாத்திரை போட்டாள் என்று ஒரு வரி இல்லை.

டாக்டரிடம் நாளைக்குக் கூட்டிப்போகிறேன். நானோவில் ஏ0 கால் காலியாக இருக்கிறது, சென்சாரும் ஒன்று மிச்சம் உண்டு. பலகையில்தான் இடமில்லை. புதுசாக அறுக்க வேண்டும், இந்தத் தடவை ஐந்து குழி. அவளுடைய கிண்ணம் கட்டில் பக்கம் வேண்டாமாம், அடுப்பு மேடையில், பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வேண்டுமாம்.